16 அங்குலம் கேட்டது சைடுவாலுக்காக: தவறாகப் பொருத்தப்பட்ட சக்கர செட் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
டயர் மற்றும் அலாய் வீல் விற்பனைப் பிரிவு.

பொருள்: 18 அங்குலத்திலிருந்து 16 அங்குலத்துக்கு மாற்றியதில் தவறான டயர் அளவு, பொருந்தாத போல்ட், விடுபட்ட ஹப் ரிங், மிகையான காற்றழுத்தம். சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனம் "கம்ஃபர்ட் பேக்கேஜ்" என்ற பெயரில் விற்கும் 16 அங்குல சக்கர செட்டை என் காருக்கு வாங்கிப் பொருத்தினேன். கார் மேடு பள்ளத்தில் இன்னும் மெத்தென்று போக வேண்டும் என்பதே வாங்கியதன் ஒரே நோக்கம். இப்போது குலுக்கல் ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது. முன்பு இல்லாத அதிர்வு ஒன்று கூடியிருக்கிறது. அதைவிட, போல்ட் விஷயத்தில் நடந்திருப்பது உயிருக்கே ஆபத்தான தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாதது.

என் காரில் கம்பெனி தந்த போல்ட்டுகள் எம்14×1.5 மரை (14 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி) கொண்டவை. அவற்றின் தலைக்கு அடிப்பகுதி பந்து போல உருண்டிருக்கும். பழைய 18 அங்குல ரிம்மின் துளையும் அதே வளைவில் குடையப்பட்டது. நீங்கள் தந்த 16 அங்குல ரிம்மின் துளையோ 60 டிகிரி கூம்பு. உங்கள் ஆட்கள் பழைய உருண்டை போல்ட்டுகளையே அந்தக் கூம்புக்குள் முடுக்கியிருக்கிறார்கள். மரை ஒன்றுதான், முடுக்கினால் ஏறும், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சும் "கிளிக்" என்று சொல்லும். ஆனால் உருண்டை கூம்பில் உட்காரும்போது தொடுவது மெல்லிய ஒரு வளையக் கோடு மட்டுமே. முழு அழுத்தமும் அந்தக் கோட்டில் விழ, அலுமினியமும் அதன் மேல் பெயிண்ட்டும் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு போல்ட்டின் இழுவிசை தளரும். சக்கரத்தை ஹப்போடு, அதாவது அது பொருத்தப்படும் அச்சுத் தலையோடு, பிடித்திருப்பது அந்த இழுவிசையால் வரும் உராய்வுதான். அது குறைந்தால் சக்கரம் ஹப் முகத்தில் நுண்ணியதாக அசையும். போல்ட் மேலும் தளரும், அல்லது வளைந்து வளைந்து முறியும்.

இது வெறும் அச்சமில்லை. பொருத்திய பின் 300 கிலோமீட்டர் கடந்ததும் ரெஞ்சை 120 நியூட்டன் மீட்டரில் வைத்துச் சோதித்தபோது, 20 போல்ட்டில் 7 போல்ட், கிளிக் சத்தம் வருவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும் அளவு திரும்பின. ஒன்றைக் கழற்றி, அடிப்பகுதியில் மார்க்கர் மை தடவி மறுபடி முடுக்கிக் கழற்றினேன். ரிம்மின் கூம்பில் மை பதிந்த இடம் நூல் அகல வளையம் மட்டுமே. சரியான போல்ட்டாக இருந்தால் கூம்பின் முகம் பெரும்பாலும் மை படிந்திருக்க வேண்டும். படங்களை இணைத்திருக்கிறேன். அன்றிலிருந்து காரை எடுக்கவில்லை.

அடுத்தது அதிர்வு. ஸ்டீயரிங்கில் 90 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 110 வரை நடுக்கம் இருக்கிறது. இதற்காக இரண்டு முறை வந்தபோதும் உங்கள் பணியகம் செய்தது வீல் பேலன்சிங் மட்டுமே. மிஷினில் பூஜ்யம் காட்டியது, காரில் நடுக்கம் போகவில்லை. போகவும் போகாது. உங்கள் ரிம்மின் நடுத்துளை 66.6 மில்லிமீட்டர், என் காரின் ஹப் 57.1 மில்லிமீட்டர். இடையில் விட்டத்தில் 9.5 மில்லிமீட்டர் வெற்றிடம். அதை நிரப்பி ரிம்மை நடுவில் உட்காரவைக்க 66.6-க்கு 57.1 அளவுள்ள ஹப் ரிங் சக்கரத்துக்கு ஒன்று வேண்டும். நான்கு சக்கரத்திலும் ஒன்றுகூட இல்லை. ரிங் இல்லாவிட்டால் நடுப்படுத்தும் வேலை கூம்பு போல்ட்டுகள் தலையில் விழும். இங்கே அவையும் கூம்பு அல்ல. பேலன்சிங் மிஷின் சக்கரத்தைத் தன் கூம்பு வழியாக நடுத்துளையைப் பிடித்துச் சுற்றுகிறது, அதனால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். காரில் ஏறியதும் அதே சக்கரம் நடு விலகிச் சுற்றும். 90 கிலோமீட்டர் வேகத்தில் இந்த டயர் நொடிக்கு சுமார் 13 முறை சுற்றுகிறது. சக்கரமும் அச்சும் சஸ்பென்ஷனில் இயல்பாகத் துள்ளும் அதிர்வெண் நொடிக்கு 10 முதல் 15 வரை. இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில்தான் நடுக்கம் கைக்கு வருகிறது. மூன்றாம் முறை பேலன்ஸ் செய்தாலும் இதே கதைதான்.

இனி, வாங்கியதன் நோக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கவுண்டரில் யாரும் இதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ரிம் சிறியதானால் மட்டும் பயணம் மென்மையாகிவிடாது. ரிம் சிறியதாகும்போது, டயரின் மொத்த உயரம் மாறாமல் இருந்தால், ரப்பர் பக்கச்சுவர், அதாவது சைடுவால், உயர்கிறது. அந்த உயரமும் அதற்குள் இருக்கும் காற்றும்தான் குழியின் விளிம்பை விழுங்குகின்றன. எடைக் குறைவு கூடுதல் லாபம்: பழைய சக்கரம் டயரோடு 21.4 கிலோ, இப்போதையது 17.6 கிலோ. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்ததால் சிறு சிறு அலைகளில் சஸ்பென்ஷன் வேகமாகப் பின்தொடர்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் முக்கிய வேலை சைடுவாலுடையது.

நான் ஆர்டரில் எழுதிக் கொடுத்த அளவு 205/55 ஆர்16 91வி: அகலம் 205 மில்லிமீட்டர், சைடுவால் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம், 91 எடைக் குறி, வி வேகக் குறி. வந்திருப்பது 205/50 ஆர்16 87வி. பில்லில் வெறும் "16 அங்குல செட்" என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. கேட்டதற்கு "இரண்டும் 16 தானே, ஸ்டாக்கில் 50 தான் இருந்தது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும்" என்ற பதில் வந்தது. கணக்கைப் பாருங்கள். பழைய 225/40 ஆர்18 டயரின் சைடுவால் 90 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 637.2. நான் கேட்ட 205/55 ஆர்16 டயரில் சைடுவால் 112.75, விட்டம் 631.9; பழையதோடு ஒரு சதவீதம்கூட வேறுபாடு இல்லை. நீங்கள் போட்ட 205/50 டயரில் சைடுவால் 102.5, விட்டம் 611.4. எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய 22.75 மில்லிமீட்டர் கூடுதல் ரப்பரில் பாதிக்குச் சற்று மேல், 12.5 மட்டுமே வந்திருக்கிறது.

விட்டம் 4 சதவீதம் சுருங்கியதன் விளைவு வேறு இடங்களிலும் தெரிகிறது. கார் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. சரியான டயரில் 3 மில்லிமீட்டருக்குள் இருந்திருக்கும். வேகத்தடையில் அடிப்பாகம் உரசாமல் இருக்க ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேண்டியிருக்கிற வாகனம் இது. ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது. ஓடோமீட்டர் பழைய கணக்கோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் சுமார் 420 கிலோமீட்டரை ஓடாமலேயே சேர்த்துக்கொள்ளும்.

எடை தாங்கும் திறன் இன்னும் தீவிரமானது. ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள தகட்டில் இந்தக் காருக்கு இரண்டு டயர் அளவுகள் அச்சாகியிருக்கின்றன: 225/40 ஆர்18 92ஒய், 205/55 ஆர்16 91வி. வேறு எதுவும் இல்லை. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 87 என்றால் 545 கிலோ. காரின் முன் அச்சுக்கு அனுமதித்த அதிகபட்ச எடை 1,110 கிலோ, அதாவது சக்கரத்துக்கு 555. ஆட்களும் சாமானும் நிறைந்த காரில் முன் டயர்கள் தங்கள் எல்லையைத் தாண்டியே ஓடும்.

இதைச் சுட்டிக்காட்டியபோது உங்கள் தொழில்நுட்ப ஆலோசகர், "அதற்காகத்தான் 42 பிஎஸ்ஐ காற்று வைத்திருக்கிறோம்" என்றார். இது தவறு என்பதைப் பொறுமையாக விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் இதே பதிலை வேறு பலருக்கும் சொல்லியிருப்பார் என்று அஞ்சுகிறேன். இந்த டயர் சாதாரண வகை. எக்ஸ்எல் எனப்படும் கூடுதல் பலம் கொண்ட வகை அல்ல. சாதாரண வகை டயர் தன் முழுத் திறனான 545 கிலோவை 2.5 பாரில், அதாவது 36 பிஎஸ்ஐயிலேயே எட்டிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் தாங்கும் எடை ஒரு கிலோகூடக் கூடாது. கூடுவது விறைப்பு மட்டும். டயர் செங்குத்தாக அமுங்குவதில் அதன் விறைப்பு பெரும்பாலும் காற்றழுத்தத்தையே பின்பற்றும். தகடு சொல்லும் 33-க்குப் பதில் 42 என்றால் கால் பங்குக்கும் மேல் விறைத்துவிடும். ஆக, பாதி சைடுவாலைக் கொடுத்து, கொடுத்ததையும் காற்றால் கல்லாக்கியிருக்கிறீர்கள். குளிர்ந்த டயரில் அளந்து 33-க்கு இறக்கிப் பார்த்த அதே நாளில் குலுக்கல் கணிசமாகக் குறைந்தது. எடைத்திறன் போதாத டயர் என்பதால் அப்படியே விட்டு ஓட்டவும் முடியாது.

"ஷாக் அப்சார்பர் போயிருக்கும், நான்கையும் மாற்றுங்கள்" என்று எழுத்தில் வந்த பரிந்துரையையும் ஏற்க முடியாது. எண்ணெய்க் கசிவு இல்லை, காரின் மூலையை அழுத்தி விட்டால் ஒரே எழும்பலில் அடங்குகிறது. டயரும் காற்றும் சரியாகும் முன் ஷாக்கைக் குறை சொல்வது முறையல்ல.

55 சைடுவால் போட்டால் திருப்பத்தில் ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தமாகப் பதில் தரும் என்று உங்கள் விற்பனையாளர் எச்சரித்தார். உண்மைதான். அதைத் தெரிந்தேதான் கேட்டேன்.

நீங்கள் சரியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். ரிம்மில் குறையில்லை: 16×6.5, பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டம்) 5×112, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 46. முன் பிரேக் டிஸ்க் 312 மில்லிமீட்டர் என்பதை அளந்து பார்த்தே 16 தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்கும் ரிம்மின் உட்புறத்துக்கும் இடையே 4 மில்லிமீட்டர் இருக்கிறது, போதும். ஆனால் இடது முன் சக்கரத்தில் ஒட்டிய பேலன்ஸ் ஈயக்கட்டி காலிப்பருக்கு நேராகச் சுழலும் தடத்திலேயே இருக்கிறது, உரசிய பளபளப்பு தெரிகிறது. அதை உள் விளிம்புப் பக்கம் நகர்த்த வேண்டும்.

எனவே ரிம்மைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. நான் கேட்பது இவை. கூம்பு முகம் கொண்ட 60 டிகிரி எம்14×1.5 போல்ட் 20. நீளம் இந்த ரிம்முக்கு அளந்து தேர்ந்ததாக, கையால் திருகும்போது குறைந்தது ஏழரைச் சுற்று ஏறுவதாக, உள்ளே எதிலும் முட்டாததாக இருக்க வேண்டும். இவற்றையும் நான்கு ஹப் ரிங்குகளையும் மூன்று நாளுக்குள் அனுப்புங்கள். கூம்பு துளைகளில் நசுங்கல் ஆழமாக இருந்தால் அந்த ரிம்மை மட்டும் மாற்றித் தாருங்கள். ஒரே பிராண்டு, ஒரே பேட்டர்ன் கொண்ட 205/55 ஆர்16 91வி டயர் நான்கு, 14 நாளுக்குள். 205/50 டயர்களை எடுத்துக்கொண்டு விலை வித்தியாசம் ஏதும் கேட்காமல் மாற்ற வேண்டும். 55 கிடைக்கவில்லை என்றால் டயர் தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள், வெளியில் வாங்கிக்கொள்கிறேன்.

பொருத்தும் முறையையும் எழுதிவிடுகிறேன். கார் ஜாக்கில் இருக்கும்போதே ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ரிங்கை உட்காரவைத்து, ஐந்து போல்ட்டையும் கையால் திருகி, நட்சத்திர வரிசையில் முதலில் 50, காரை இறக்கியபின் 120 நியூட்டன் மீட்டர். இம்பாக்ட் கன் வேண்டாம். போல்ட்டிலும் கூம்பிலும் எண்ணெயோ கிரீஸோ பூசினால் அதே 120-இல் இழுவிசை அளவு மீறும், ஆகவே உலர்வாகவே இருக்கட்டும். குளிர்ந்த நிலையில் 33 பிஎஸ்ஐ. முழு பாரத்தோடு போகும்போது தகட்டில் உள்ளபடி பின்னால் 39. அதன் பிறகே காரின் அழுத்த எச்சரிக்கை அமைப்பில் "செட்" செய்ய வேண்டும். அது ஏபிஎஸ் சென்சார் வழியாகச் சுற்று வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வகை; 42-இல் நினைவில் ஏற்றியதை அப்படியே விட்டால் சரியான அழுத்தத்திலும் விளக்கு எரியக்கூடும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி 120-இல் சோதித்து, அந்த அளவீட்டை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது எனக்காக அல்ல. இதே ரிம்மை உருண்டை போல்ட் உள்ள கார்களுக்கு நீங்கள் விற்ற பில்கள் உங்களிடமே இருக்கின்றன. அந்த வாடிக்கையாளர்களை இந்த வாரமே தொலைபேசியில் அழைத்து, போல்ட்டைச் சோதிக்காமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை பேரை அழைத்தீர்கள் என்பதை எனக்கான பதிலில் குறிப்பிடுங்கள்.

இணைப்பு: ஆர்டர் நகல், பில் நகல், கதவுத் தகட்டின் படம், போல்ட் மற்றும் கூம்பின் மை பதிந்த படங்கள், டயர் பக்கவாட்டு எழுத்துகளின் படங்கள், உங்கள் பரிந்துரைக் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் தொடர்பு விவரமும் பில் நகலில் உள்ளன)