‘அனைவரும் ஒப்புக்கொண்டனர்’ என்று எழுதியவனின் மடல்

குழுத் தலைவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கூட்டங்களில் மேசைக் கோடியில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பவன் நான். 11 ஆண்டுகளாக இதுதான் வேலை. நிறுவனம் மாறியது, தலைவர்கள் மாறினார்கள், குறிப்பின் கடைசி வரி மட்டும் மாறவே இல்லை: ‘அனைவரும் ஒப்புக்கொண்டனர்.’ எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. பல முறை அது பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். வாடிக்கையாளர் விவரங்களைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். ஒன்பது பேர் இருந்தோம். தலைவர் வந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டே சொன்னார்: “சனிக்கிழமை ராத்திரி மாத்திடலாம்னு நினைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” எனக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். அவர் நோட்டில் ‘ரெண்டாவது போன் நம்பர் - முகவரிக் கட்டத்துல!’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். “சார், ஒரு சின்ன...” என்று ஆரம்பித்தார். அதற்குள் தலைவர் மூத்த பொறியாளரைப் பார்த்தார், பொறியாளர் தலையாட்டினார், பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டது. அந்தப் பெண் பேனாவை மூடினார். நான் என் வழக்கமான வரியை எழுதினேன்.

பழைய மென்பொருளில் ஒரு போன் நம்பருக்குத்தான் இடம். அதனால் அழைப்பு எடுப்பவர்கள் இரண்டாவது நம்பரை முகவரியின் வாலில் ஒட்டிவைக்கப் பழகியிருந்தார்கள். எந்த ஆவணத்திலும் இது இல்லை, பொறியாளருக்கும் தெரியாது. புதிய மென்பொருள் நீளமான முகவரிகளை வெட்டியது, வெட்டுப்பட்டதெல்லாம் அந்த வால்கள். பழைய நகலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்க மூன்று வாரம் ஆனது.

அந்தத் தலைவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பிறகு ஒருநாள் நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: “நான்தான் கேட்டேனே, ஏன் ஒருத்தரும் சொல்லலை?” உங்களில் பலர் இதே கேள்வியைக் கேட்டு என் காதில் விழுந்திருக்கிறது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பதிலை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டீர்கள், உண்மைதான். ஆனால் முடிவைச் சொல்லிவிட்டுக் கேட்டீர்கள். அதற்குப் பிறகு வாய் திறப்பவர் தகவல் சொல்பவராகத் தெரிய மாட்டார், உங்களை மறுப்பவராகத் தெரிவார். போன் நம்பர் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கு ஏன் அவ்வளவு துணிச்சல் தேவைப்பட வேண்டும்?

தயக்கம் மட்டுமே காரணம் என்றும் நினைக்காதீர்கள். 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நான்கு நான்கு பேராக மாணவர்களை உட்கார வைத்து, மாணவர் தலைவர் பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில குழுக்களில் சிறந்த வேட்பாளரைப் பற்றிய நல்ல தகவல்களைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். நால்வரும் கையில் இருப்பதைக் கொட்டினால் சரியான ஆள் தெரிந்துவிடும். பெரும்பாலான குழுக்கள் கொட்டவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே பேசி, தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தன. அங்கே பயப்படுவதற்கு மேலதிகாரி எவரும் இல்லை. பொதுவாகத் தெரிந்த விஷயத்தைச் சொன்னால் நான்கு தலை ஆடும், தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் ஒரு தலையும் ஆடாது. கூட்டம் தானாகவே முன்னதன் பக்கம் சாய்கிறது. அதற்கு மேல் தலைவரும் முதலில் பேசிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டம். ஓடுபாதையில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் ஒன்று இருக்கும்போதே, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் ஒன்று புறப்படுவதற்காக அதே பாதையில் ஓடத் தொடங்கிவிட்டது. வானொலிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்து, அந்த பான் அமெரிக்கன் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தந்தவர். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. எனக்கு அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அந்தப் பொறியாளர் தன் சந்தேகத்தைக்கூட கேள்வியாகத்தான் கேட்க முடிந்தது. “சார், ஒரு சின்ன...” என்பதும் அந்த வகைதான். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான், கீழே இருப்பவர் உறுதியாகச் சொல்லவும் மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்கவும் விமானக் குழுவினருக்குத் தனிப் பயிற்சி வந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள்.

இது புதுச் சரக்கு அல்ல. யூதர்களின் பழைய சான்ஹெட்ரின் நீதிமன்றத்தில், மரண தண்டனை வழக்கென்றால் இளையவரிடமிருந்துதான் கருத்துக் கேட்கத் தொடங்குவார்கள். பிரிட்டனின் ராணுவ நீதிமன்றத்தில் இன்றைக்கும் பதவியில் குறைந்தவரே முதலில் வாக்களிக்கிறார். ராணுவமே இதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறது, நமக்கு என்ன கஷ்டம்?

கூடவே, கேள்வியையும் மாற்றுங்கள். ‘ஆட்சேபணை உண்டா?’ என்று கேட்டால் மௌனம் சம்மதமாகிவிடும். ‘இதைச் செய்தால் உங்கள் பக்கத்தில் எது உடையும்?’ என்று கேளுங்கள். பேசுவதற்கு முன் எல்லோரும் இரண்டு வரி எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை மறைப்பது, நினைத்ததை மறைப்பதைவிடக் கஷ்டம்.

ஆனால் இதைப் படிவமாக்கி டிக் அடிக்க வைத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. எட்டு மருத்துவமனைகளில் முயன்றபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அது நடைமுறைக்கு வந்தது. 2014இல் வெளியான ஆய்வு அங்கே குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்றது. ஏன் என்பதில் வாதம் உண்டு. மேசைக் கோடியிலிருந்து பார்த்த எனக்கு ஒரு சந்தேகம்: தாள் நிரம்பியிருக்கும், பேச்சு நடந்திருக்காது.

முடிவெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேனா? இல்லை. எல்லாவற்றுக்கும் கை தூக்கி வாக்கெடுத்தால் வேலை நடக்காது. எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு முடிவை நீங்களே சொல்லுங்கள். அப்புறம், காரணத்தையும் எதை ஒதுக்கினீர்கள் என்பதையும் எனக்காக ஒரு வரி சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ‘இதை ஏன் இப்படிச் செய்தோம்?’ என்று யாராவது கேட்கும்போது எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். என் நோட்டில் முடிவு இருக்கும், காரணம் இருக்காது.

என் பங்குக்கு நானும் மாறுகிறேன். அந்தக் கடைசி வரியை இனி எழுதப்போவதில்லை. யார் என்ன சொன்னார் என்று எழுதுவேன். பேசாதவர் பெயருக்கு எதிரே ‘கேட்கப்படவில்லை’ என்று எழுதுவேன். முதல் சில வாரம் படிக்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் புது நோட்டு வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் ஒன்பது பெயர்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன். அழைப்பு எடுக்கும் அந்தப் பெண்ணின் பெயர் முதலில், தலைவர் பெயர் கடைசியில்.

இப்படிக்கு,
குறிப்பு எடுப்பவன்