பிப்ரவரி 15 அன்று 1915-ஐயும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20-க்கு எச்சரிக்கைச் சங்கு ஊதும்போது, எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் கேரம் ஆடும் பெரியவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். சென்ற முறை என் பேத்தி, "எதுக்குத் தாத்தா இந்தச் சத்தம்?" என்று கேட்டாள். 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் முதல் நாள், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்ததைச் சொன்னேன். அவளுக்கு அது பள்ளியிலேயே தெரியும். அவள் அடுத்துக் கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது: "அப்போ நம்ம ஊர்க்காரங்க யாரும் சண்டை போடலையா?"

போட்டார்கள். அது மட்டுமல்ல, அதே தேதியில் 27 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியச் சிப்பாய்கள் இங்கே துப்பாக்கி ஏந்தியிருக்கிறார்கள், அதுவும் பிரிட்டிஷாருக்கு எதிராக. 1915 பிப்ரவரி 15. மறுநாள் ஹாங்காங்குக்குக் கப்பல் ஏற வேண்டிய ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற இந்தியக் காலாட்படைப் பிரிவின் வீரர்கள் அலெக்சாண்ட்ரா முகாமில் கலகம் செய்தார்கள். வட இந்திய முஸ்லிம்களான தங்களை, முதல் உலகப் போரில் முஸ்லிம் நாடான துருக்கிக்கு எதிராகப் போரிட அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி அவர்களிடையே பரவியிருந்தது. வழியில் அகப்பட்ட பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள், அதை மறைக்கக்கூடாது. கலகத்தை அடக்க ஜப்பானியக் கடற்படையினரும் பிரிட்டிஷாருக்குக் கை கொடுத்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அப்புறம் 47 சிப்பாய்களை ஊட்ரம் சாலைச் சிறைச்சாலை மதிலோரம் நிறுத்தி, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கச் சுட்டுக் கொன்றார்கள்.

ஊட்ரம் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் நான் வாரம் இருமுறை ரயில் மாறுகிறேன். அறுபது வயதுவரை இது எனக்குத் தெரியாது. கலகத்தில் இறந்த பிரிட்டிஷாருக்கு விக்டோரியா அரங்கிலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலும் நினைவுப் பலகைகள் உண்டு. அந்த 47 பேருக்கு ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மாண்ட பொதுமக்களுக்காக பீச் ரோட்டில் நிற்கும் நான்கு தூண் நினைவுச்சின்னமும் 1967-இல் இதே பிப்ரவரி 15 அன்றுதான் திறக்கப்பட்டது. அங்கே மலர் வைக்கிறோம், சரி. பள்ளிகளில் மரவள்ளிக்கிழங்கு கொடுத்து அந்தக் காலப் பஞ்சத்தை நினைவூட்டுகிறார்கள், அதுவும் நல்லதே. அதோடு 1915-ஐயும் சேர்த்துத் தமிழில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பிப்ரவரி 15-க்கு மாணவர் பகுதியில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். நான் கத்தரித்துப் பேத்தியின் வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தெலுக் பிளாங்கா வாசகர்