கடற்படை ஏறினால் கடற்கொள்ளையா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை ஐந்து வரியில் முடித்துவிட்டு, காஸாவுக்குப் போன கப்பலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை. இங்கே முட்டி வலியைத் தவிர எல்லாரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2010 மே 31 விடியற்காலையில், நீ எழுதிய அந்த நிவாரணக் கப்பலான மாவி மர்மாராவில் இஸ்ரேல் கமாண்டோக்கள் இறங்கியபோது கப்பல் கரையிலிருந்து சுமார் 72 கடல்மைல் தள்ளி இருந்தது. சர்வதேசக் கடல்தான், அதில் நமக்குள் தகராறு இல்லை. ஒன்பது பேர் அப்போதே செத்தார்கள், கோமாவில் கிடந்த இன்னொருவர் 2014-ல் போனார். இது கடற்கொள்ளை இல்லாமல் வேறென்ன என்று கேட்கிறாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101-வது பிரிவைப் படித்துப் பார். தனியார் கப்பலில் வருகிறவர்கள் சொந்த நோக்கத்துக்காகச் செய்கிற வன்முறைதான் அங்கே கடற்கொள்ளை. போர்க்கப்பல் அந்தக் கணக்கில் வர வேண்டுமானால், மாலுமிகள் கலகம் செய்து அதைக் கைப்பற்றியிருக்க வேண்டும். மேலிடத்து உத்தரவில் வந்தவர்களுக்கு அது பொருந்தாது.

அதனால் இஸ்ரேல் தப்பித்தது என்று நினைத்துவிடாதே. கொள்ளைக்காரன் என்றால் பிடித்து உள்ளே போடுவதோடு கதை முடிந்தது. இங்கே ஒரு நாடே பதில் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலில் பறந்தது கொமொரோஸ் என்ற தீவு நாட்டின் கொடி, அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் ஏறியதற்கு என்ன காரணம்? காஸாவைக் கடல்வழியாக முற்றுகையிட்டிருக்கிறோம் என்றது இஸ்ரேல். போர்க்காலத்தில் முற்றுகையை உடைக்க வரும் கப்பலை நடுக்கடலிலேயே மறிக்கலாம் என்பது பழைய விதி. ஆக, அந்த முற்றுகை செல்லுமா என்பதுதான் வழக்கே. ஐ.நா. மனித உரிமை கவுன்சில் அனுப்பிய குழு செல்லாது என்றது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த பாமர் குழு 2011-ல் செல்லும் என்றது, ஆனால் பலப்பிரயோகம் அளவு மீறியது என்றும் எழுதியது. ஒரு ஊரையே பட்டினி போடுகிற முற்றுகை செல்லும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2016-ல் இஸ்ரேல் 2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது.

அப்புறம், கடற்கொள்ளை என்ற குற்றச்சாட்டை இஷ்டத்துக்கு நீட்டினால் முதலில் பயன்படுத்திக்கொள்வது அரசாங்கங்கள்தான். 2013-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காரர்கள் ரஷ்யாவின் எண்ணெய் மேடை ஒன்றில் ஏறப் போனார்கள். கப்பலில் இருந்த 30 பேர் மீதும் கடற்கொள்ளை வழக்கு! அவர்கள் கொள்ளையர் இல்லை என்று புதினே சொன்னார், பிறகு அது ரௌடித்தன வழக்காக மாறியது.

உன் மருமகன் வக்கீல்தானே? முற்றுகை விஷயத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
ராஜு