கோபுரம் மல்லாந்து விழலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களைப் படமெடுப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷீட் ஃபிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) போடும் பெரிய கேமராவை ‘பழைய மோகம்’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தார்கள். சரி, ஆனால் அதற்கு மேலேயே அச்சிட்ட படத்தில் கோபுரம் மல்லாந்து விழப்போகிறதே! கேமராவை அண்ணாந்து பிடித்தால் அப்படித்தான் வரும்.

நான் 4-க்கு 5 அங்குல ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு இருபது வருடமாக அலைகிறவன். ஃபிலிம் நிற்கும் பின்பக்கத்தை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, முன்னாலிருக்கும் லென்ஸை மட்டும் மேலே ஏற்றுவோம். பின்பக்கம் நிமிர்ந்து நின்றால் படத்தில் கோபுரமும் நிமிர்ந்து நிற்கும். நடுவில் இருப்பது துருத்திதானே, வளைந்து கொடுக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். லென்ஸ் ஏற ஏற, கீழ் ஓரத்திலிருந்து கலசம் மெல்ல உள்ளே வரும். ரொம்ப ஏற்றினால் மூலை இருண்டுவிடும். அதைப் பல ஃபிலிம்களை வீணாக்கித்தான் தெரிந்துகொண்டேன்.

கணினியில் நிமிர்த்தலாமே என்பார்கள். நிமிர்த்தலாம். ஆனால் சிறுத்துப்போன மேல்பகுதியை இழுத்து நீட்ட வேண்டும். படத்தில் பதியாத நுணுக்கம் இழுத்தால் மட்டும் வந்துவிடாது. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அப்போது நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவுதான்; பெரிய படத்துக்குப் பெரிய கேமராதான் வேண்டும். அந்த ஆளுக்கு எந்த மோகம் இருந்ததாம்?

உள்ளே இருட்டு மண்டபத்தில் எடுப்பது தனிக் கூத்து. ஒளிமானி பத்து விநாடி என்று காட்டினால், ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்கு ஐம்பது விநாடி கொடுக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும். அதனால் ஒரு லாபமும் உண்டு. குறுக்கே நடப்பவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். ஒருமுறை ஆளில்லாத மண்டபம் கிடைத்தது என்று மகிழ்ந்து நெகட்டிவைக் கழுவினேன். தூணோரம் சாய்ந்து தூங்கிய பெரியவர் ஒருவர், செருப்பு உட்பட, தூணைவிடத் துல்லியமாக இருந்தார்! அந்தப் படத்தை நான் தூக்கிப் போடவில்லை.

அடுத்த முறை கோபுரப் படம் வந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்