புங்கன் இலைக்குப் பூஞ்சைமருந்து வேண்டாம்

கொங்கு நாட்டில் ஊர் ஊராக மரம் நட்டுக் காப்பாற்றுகிற குழுக்களுக்கு வணக்கம்.

போன சித்திரையில், எங்கள் சாளைக்குப் போகும் இட்டேரிப் புங்கன்களுக்குத் தம்பிகள் சிலர் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைமருந்தைக் கலந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இலையெல்லாம் கொப்புளம், பூஞ்சை நோய் என்றார்கள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அந்த மரங்களை வளர்த்தவர்களே அவர்கள்தான். இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

விரல் மாதிரி நீட்டி நிற்கும் கொப்புளம் ஒன்றைப் பிளேடால் கீறி, நல்ல லென்ஸ் வைத்துப் பாருங்கள். கேரட் வடிவில், வெளுத்த புழு போல, முன்பக்கம் நாலே நாலு காலோடு ஊர்ந்துகொண்டிருக்கும். அது சிலந்திப்பேன் (மைட்), வலை பின்னும் சிலந்தி இல்லை. தேங்காய்க் குரும்பையைச் சொரசொரப்பாக்கும் ஈரியோபைட் சிலந்திப்பேனைப் பொள்ளாச்சித் தோப்புக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இது அதன் பங்காளி. பூஞ்சைமருந்து இதற்கானதே அல்ல.

சரி, மருந்துதானே வீண் என்று விட்டுவிட முடியாது. நோயே இல்லாத பச்சை இலைக்குள்ளும் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. தளிரில் அநேகமாக இருக்காது. மழையோடும் பனியோடும் வித்துகள் வந்து இறங்கி, இலை முற்ற முற்றப் பெருகும். அமெரிக்காவின் ஆரிகனில் ஜார்ஜ் கரோலும் டென்னிஸ் வில்சனும் இதை ஓக் மரத்தில் ஆராய்ந்தார்கள். அங்கே கொப்புளத்தை உண்டாக்குவது ஒரு குட்டிக் குளவி. இலைக்குள் சும்மா இருந்த பூஞ்சை கொப்புளத்துக்குள் புகுந்து அதன் சதையைச் சாகடிக்க, உள்ளிருந்த குளவிப்புழுவும் செத்தது. புழுவை அது நேராகத் தாக்கவில்லை, இருந்த வீட்டையும் தின்ற சோற்றையும் அழித்தது. இதைப் படித்த நாளிலிருந்து புங்கன் நிழலில் உட்காரும்போதெல்லாம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

எல்லாப் பூஞ்சையும் மரத்தின் பக்கம் நிற்பதில்லை. கொப்புளம் உண்டாக்கும் ஈக்களில், முட்டையிடும்போதே பூஞ்சையையும் கொண்டுவந்து வைப்பவையும் உண்டு. அவற்றின் புழுக்கள் அதைத் தின்றே வளரும். கார்பன்டாசிமோ இலைக்குள் ஊடுருவுகிற மருந்து. நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று அது பார்க்காது.

வளர்ந்த புங்கன் இந்தக் கொப்புளத்தால் செத்துவிடாது, அதை விட்டுவிடுங்கள். நாற்றாக இருந்தால் கொப்புள இலையைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் போதும். கோவையிலேயே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, வன மரபியல் நிறுவனம் இருக்கிறது. நாலு இலையைக் காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நம் புங்கன் இலைக்குள் இருக்கும் பூஞ்சை யார் பக்கம் என்று கேளுங்கள். மருந்துக்கு ஒதுக்கிய காசில், வைகாசி வெயிலுக்கு ரெண்டு டேங்கர் தண்ணீர் ஊற்றலாம்.