பிப்ரவரி நிகழ்ச்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின வரலாற்று மாத நிகழ்ச்சிகளைப் பொறுப்பேற்று நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன் தொடங்கியபோது இது ஒரு வாரம்தான். அதிபர் லிங்கனின் பிறந்தநாளும் (12) அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளும் (14) அதில் அடங்கின. ஆண்டு முழுக்கப் படித்ததை மாணவர்கள் அந்த வாரத்தில் ஊரறிய எடுத்துவைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1976இல் அரசு அங்கீகாரத்தோடு அது மாதமானது. பல பள்ளிகளில் படிப்பு கழன்றுபோய், சுவரொட்டியும் பாட்டும்தான் மிச்சம்.

அலபாமா மாநிலத்து மோண்ட்கோமரி நகரின் பேருந்துப் புறக்கணிப்பையே பாருங்கள். களைத்துப்போன தையல்காரப் பெண் ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தார், ஊர் திரண்டது: மேடையில் ஐந்து நிமிட நாடகம். ஆனால் பார்க்ஸ் பல ஆண்டுகளாகக் கறுப்பின உரிமை இயக்கத்தில் உழைத்தவர். அவர் கைதாவதற்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2இல், 15 வயது கிளாடெட் கால்வின் அதே ஊர்ப் பேருந்தில் இடம்விட மறுத்துக் கைதானார். 1954 மே மாதமே அவ்வூர்க் கறுப்பினக் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் மேயருக்கு எழுதிவிட்டார்: பயணிகளில் முக்கால்வாசி கறுப்பினத்தவர், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது. பார்க்ஸ் கைதான இரவே ராபின்சன் கல்லூரி நகலெடுப்பு இயந்திரத்தில், பேருந்தில் ஏறாதீர்கள் என்று தாளுக்கு மூன்றாகத் துண்டறிக்கை அடித்து வெட்டினார். சுமார் 300 கார்கள், ஏற்றி இறக்கும் இடங்களின் பட்டியல், பெட்ரோலுக்கு நிதி என்று 381 நாள் போராட்டம் நின்றது. பேருந்துப் பிரிவினையை முறித்த வழக்கின் வாதிகளில் கால்வின் உண்டு, பார்க்ஸ் இல்லை.

நாடகத்தை விடுங்கள். ராபின்சனின் கடிதத்தை ஜனவரியிலேயே படிக்கக் கொடுங்கள். பிறகு நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஊர் வரைபடத்தில் காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு போடச் சொல்லுங்கள். பாதியில் 'கார்களின் காப்பீடு ரத்து' என்று அறிவியுங்கள். மோண்ட்கோமரியில் அதுவும் நடந்தது. லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை வழியாக மாற்றுக் காப்பீடு வாங்கித்தான் சமாளித்தார்கள்.

அடிமை ஏலத்தைத் தயவுசெய்து நடிக்க வைக்காதீர்கள். வகுப்பிலுள்ள ஒன்றிரண்டு கறுப்பினப் பிள்ளைகள்மீதே எல்லார் கண்ணும் விழும். அதற்குப் பதில் 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமை அட்டவணை ஒரு பக்கம் போதும். உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டுமே. பக்கத்தில், அடிமைமுறை ஒழிந்தபின் எடுத்த 1870 கணக்கெடுப்பில் அதே மாவட்டத்தின் பக்கத்தை வையுங்கள். அதில்தான் பெயர்கள் வருகின்றன. பழைய கையெழுத்து எளிதில் பிடிபடாது. பெரிதாக அச்சிட்டு, முதல் மூன்று வரியை ஆசிரியரே வாசித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்