ஸ்டீராய்டு தொடங்கும் முன்

அன்புள்ள மலருக்கு,

ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். நெஞ்சுக்குள் நெறி கட்டியிருப்பது சார்காய்டோசிஸ், அதாவது எதிர்ப்புச் செல்கள் காரணம் தெரியாமல் கட்டிகட்டியாகத் திரளும் நோய், என்று பயாப்சி சொல்கிறது. அதற்குத்தான் ஸ்டீராய்டு கொடுக்கப் பார்க்கிறார்கள். கூடவே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான ஆன்டிபாடி பாசிட்டிவ். சி வைரஸால்தான் சார்காய்டோசிஸ் வந்ததா என்று கேட்டிருந்தாய்.

சி வைரஸ் தானே சார்காய்டோசிஸைக் கொண்டுவரும் என்பது நிரூபணமாகவில்லை. சி வைரஸுக்கு மருந்தாக முன்பெல்லாம் போட்ட இன்டர்ஃபெரான் ஊசிதான் சிலருக்கு இந்த நோயைக் கிளப்பியது. வைரஸை விரட்ட, டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களை அந்த ஊசி தூண்டும். அந்தத் தூண்டுதலிலேயே கிரானுலோமா என்ற அந்தச் சின்னக் கட்டிகளும் திரளும். ஊசியை நிறுத்தியதும் பலருக்கு அடங்கிவிட்டது. உனக்கு அந்த ஊசி தேவையே இல்லை, பயப்படாதே.

ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ வந்து போயிருக்கவும் கூடும். இப்போது இருக்கிறதா என்பதை ரத்தத்தில் சி வைரஸையே தேடும் எச்சிவி ஆர்என்ஏ டெஸ்ட் காட்டிவிடும். இருந்தால் சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்படாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் இலவசம். ஸ்டீராய்டோடு வயிற்றுக்கென்று எழுதும் பான்டோபிரசோல், வெல்படாஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எழுதிக்கொடுப்பவர்கள் சிலநேரம் கவனிப்பதில்லை, நீயே கேட்டுவிடு. இதயத்துடிப்புக்கு அமியோடரோன் கொடுத்தால் கட்டாயம் சொல், சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும்.

எனக்கு இதைவிடக் கவலை ஹெபடைடிஸ் பி வைரஸ்தான். பெரும்பாலும் அதன் மேலுறைப் புரதத்தைத் தேடும் எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் மட்டும் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அது நெகட்டிவாக இருந்தும் கல்லீரலில் வைரஸ் பதுங்கியிருக்கலாம். பி வைரஸ் எப்போதாவது வந்ததா என்று காட்டும் ஆன்டி எச்பிசி டோட்டல் டெஸ்டும் எடுக்கச் சொல். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 20 மி.கி. வீதம் 4 வாரம் தாண்டினால் பதுங்கிய வைரஸ் மீண்டும் பெருகக்கூடும். எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் ஸ்டீராய்டுக்கு முன்பே, முடியாவிட்டால் கூடவே, பி வைரஸை அடக்கும் என்டெகாவிரோ டெனோஃபோவிரோ தொடங்கவேண்டும். என்டெகாவிரை வெறும் வயிற்றில்தான் போடவேண்டும். ஸ்டீராய்டு நின்றபின்னும் அந்த மாத்திரையைக் குறைந்தது 6 மாதம் தொடரவேண்டும். அவசரப்பட்டு நிறுத்திவிட்டால் கல்லீரல் வீக்கம் திடீரென்று ஏறக்கூடும். சி-க்கான மாத்திரையும் பி-யைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் இந்த டெஸ்டுகள் எப்படியும் வேண்டும்.

மூச்சு வாங்கவில்லை, கண்ணிலும் இதயத்திலும் கோளாறு இல்லை என்றால் ஸ்டீராய்டுக்கு அவசரமே இல்லை, பலருக்குத் தானாகவே வற்றிவிடும். முதலில் சி-யை முடிக்கலாமா என்று டாக்டரிடம் பேசு. டிபியிலும் இதேபோல நெறி கட்டும் என்பதால், டிபி கல்ச்சர் முடிவையும் வாங்கிவிடு.

எலும்புக்கு நல்லதென்று வைட்டமின் டி மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. சார்காய்டில் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்சியம் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அம்மா